விடிய விடியக் கூத்தா, இரண்டு மணித்தியாலக் கூத்தா? கடலோர ஊர்களின் கலை பற்றி

வாடிக்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கரையில் ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமம் எங்களுடையது. பேச்சு இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை.

வருகிற பெருநாளுக்குப் புனித எஸ்தாக்கியாரின் கதையைப் பாடி ஆடும் எஸ்தாக்கியார் கூத்துப் போட வேண்டும் என்பதில் ஊர் ஒரே மனதாக நிற்கிறது. பிரச்சினை நீளத்தில்தான். இரவு காப்பு என்ற தொடக்கப் பாட்டைப் பாடினால் விடியற்காலையில் முடிவுப் பாட்டான மங்களம் பாட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். இளைஞர் பக்கம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. மறுநாள் திருப்பலி, சுற்றுப்பிரகாரம் எல்லாம் இருக்கிறது. பழகுவதற்கும் ஆட்கள் சேர மாட்டார்கள். பாதிப் பெடியன்கள் இரவுத் தொழிலுக்குப் போகிறார்கள், மீதிப் பேர் கொழும்பில் வேலை. பாட்டுகள் எழுதிய கூத்துக் கொப்பி முழுதாக இருக்கிறது, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரும் இருக்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்கும் காலம் இதுதான் கடைசியோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் ஊர்களில் எப்படிச் செய்தீர்கள்?

கடல்கடந்தவன்:

தம்பி, சுருக்குங்கள். நான் பாரிஸில் இருந்து ஊர்க் கூத்துகளை நேரலையில் பார்க்கிறவன். முதல் அரை மணித்தியாலம் நூற்றுக்கணக்கில் ஆட்கள் பார்ப்பார்கள், நடுச்சாமம் தாண்டினால் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். இங்கே பிறந்த என் பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் இருந்து பார்ப்பார்கள், ஏழு மணித்தியாலம் முடியாது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போவதைவிடக் கொஞ்சமாவது தெரிவது நல்லது. நல்ல வெளிச்சம், நல்ல ஒலி, நல்ல பாட்டுக்காரர் பத்துப் பேர். அதுவே போதும்.

நெய்தல்:

சுருக்குவதை ஏதோ துரோகம் போலப் பேசுகிறவர்களுக்கு வரலாறு ஒன்று சொல்ல வேண்டும்.

1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தைப் போட்டபோது சிங்கள அரங்கே திரும்பிப் பார்த்தது. அவர் எடுத்தது நாடகம என்ற சிங்களப் பாட்டு நாடக வடிவத்தை. அந்த நாடகம எங்கிருந்து வந்தது? மேற்குக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஆடிய தமிழ்க் கூத்திலிருந்து. நம் கரையில் இருந்த சரக்குத்தான் பக்கத்து மொழியில் புது வாழ்வு பெற்றது. பேராதனையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதை நன்றாக உணர்ந்தவர். மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, அண்ணாவியார்களை வைத்துப் பழக்கி, படித்த மாணவர்களை ஆடவிட்டு, விடிய விடிய ஆடுவதைச் சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் செறிவாக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', அப்புறம் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியர் சி. மௌனகுரு.

அதற்கு முன் கூத்து என்றால் படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கிய நகரத்து மனிதர்கள் பிறகு வரிசையில் நின்று பார்த்தார்கள். மன்னார்க் கரையில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த 'மூவிராசாக்கள் நாடகம்' போன்றவை அச்சேறியதும் அவர் கைபட்டுத்தான். சுருக்கியதால் கூத்து சாகவில்லை. சுருக்கியதால்தான் அதற்கு மரியாதை கிடைத்தது.

பிற்பாட்டுக்காரர்:

நெய்தல் சொன்ன வரலாறு சரி. வித்தியானந்தன் ஐயா செய்தது பெரிய வேலை. ஆனால் அவர் மேடையேற்றியது நகரத்து அரங்கில், பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, கூத்தை அறியாத ஆட்களுக்காக. தம்பி வாடிக்காற்று போடப்போவது தன் ஊர்க் கோயில் முற்றத்தில், ஊராரை வைத்து, ஊராருக்காக. இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது.

நான் தென்மோடி என்ற வகைக் கூத்தில் நெடுங்காலம் பிற்பாட்டுப் பாடியவன், அதாவது ஆடுகிறவர் பாடியதைத் திருப்பிப் பாடியவன். எஸ்தாக்கியாரையே எடுத்துக்கொள்வோம், கொப்பிக்குக் கொப்பி கொஞ்சம் வேறுபடும். கதை தெரியும்தானே? உரோமைப் படைத்தலைவன் வேட்டைக்குப் போகிறான். மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் காண்கிறான். மனம் திரும்புகிறான். சொத்துப் போகிறது, மனைவியைப் பிரிகிறான், பிள்ளைகள் இருவரையும் ஆற்றங்கரையில் சிங்கமும் ஓநாயும் கவ்விப் போகின்றன. வருடங்கள் கழித்து எல்லாரும் ஒன்று சேர்கிறார்கள், கடைசியில் வேதசாட்சிகளாகச் சாகிறார்கள்.

இதை ஊரில் ஆடும்போது ஆட்கள் எத்தனை என்று பாருங்கள். வருகிறவர்களை அறிவிக்கும் கட்டியகாரன் ஒருவன். அரசன், மந்திரி, சேவகர். படைத்தலைவனாக வருகிற எஸ்தாக்கியார் ஒருவர், எல்லாம் இழந்து வயதான எஸ்தாக்கியார் இன்னொருவர். மனைவிக்கும் அப்படியே இருவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருவர், வளர்ந்த பிறகு வேறு இருவர். வேட்டைக்காரர் ஒரு கூட்டம். சிங்கம், ஓநாய், மான். எந்தக் கூத்திலும் இப்படித்தான். காத்தவராயன் கூத்திலும் காத்தானை ஒரே இரவில் பலர் மாறி மாறி ஆடுவார்கள்.

ஒரே பாத்திரத்துக்கு ஏன் இருவர்? தொண்டை தாங்காது என்பது ஒரு காரணம். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பது மற்றது. ஒரு வீட்டில் இருந்து ஒருவன் ஆடினால் அந்த வீடு முழுக்கக் கூத்தாடும் களரிக்கு முன்னால் பாய் போட்டு இருக்கும். அவன் வரவு அதிகாலை மூன்று மணிக்கு என்றால் மூன்று மணி வரைக்கும் இருக்கும்.

இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு வெட்டுங்கள். எது போகும்? முதலில் வேட்டைக்காரர். அப்புறம் சேவகர். அப்புறம் இரண்டாம் எஸ்தாக்கியாரும் முதலாம் எஸ்தாக்கியாரும் ஒருவராகிவிடுவார்கள். மிஞ்சுவது கடல்கடந்தவன் சொன்ன அந்த நல்ல பாட்டுக்காரர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் முதலில் எங்கே நின்றவர்கள்? வேட்டைக்காரர் வரிசையில் கடைசி ஆளாக. அங்கே நின்றுதான் தாளம் காலில் ஏறியது. இன்று அண்ணாவியாராக இருப்பவரும் அப்படி ஒரு மூலையில் நின்று தொடங்கியவராகத்தான் இருப்பார், கேட்டுப் பாருங்கள். சின்னப் பாத்திரங்களை வெட்டிப் போடும் கூத்து இந்த வருடம் அழகாக இருக்கும். அடுத்த பத்து வருடத்துக்கு ஆள் இருக்காது.

கடல்கடந்தவன்:

ஐயா, நீங்கள் சொன்னதை வாசித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. என் அப்பா எங்கள் ஊர்க் கூத்தில் சேவகனாகத்தான் ஆடினார். அவ்வளவு தான் அவருக்குக் கொடுத்த இடம். வீட்டில் இன்றைக்கும் அந்த உடுப்போடு எடுத்த படம்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் நேரலைப் பிரச்சினைக்கு என்ன வழி?

பிற்பாட்டுக்காரர்:

நேரலைக்காரர் தேவையான பகுதியைப் பிறகு பார்க்கலாம் தம்பி. பதிவு எங்கும் ஓடாது. முற்றத்தில் இருக்கிறவர்களுக்காகக் கூத்தைப் போடட்டும்.

வாவிமகள்:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ஐயாவின் பேச்சு மனதுக்கு நிறைவாக இருக்கிறது, ஆனாலும் எல்லாரும் கடந்து போகிற ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும்.

"எல்லா வீட்டுக்கும் ஓர் இடம்" என்கிறீர்கள். அந்த இடம் வீட்டு ஆண்களுக்கு. எஸ்தாக்கியாரின் மனைவிக்கு இரண்டு பேர் தேவை என்றீர்களே, அந்த இருவரும் ஆண்கள்தான். நான் கூத்தைக் காலில் கற்றது ஊர்க் களரியில் இல்லை, பல்கலைக்கழகத்தில். சுருக்கிய மேடைக் கூத்து இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் சதங்கை கட்டியிருக்கவே மாட்டோம். அதனால் 'மேடை வந்து கூத்தைக் கெடுத்தது' என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

அதே நேரம், திரும்பவும் ஊருக்குள் போய்ச் செய்த வேலையும் இங்கே நடந்திருக்கிறது. சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவும் ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார்கள். கூத்தை வெளியே எடுத்துப்போய் மெருகேற்றுவது அவர்கள் நோக்கம் இல்லை. ஊருக்குள்ளேயே இருந்து, கதையில் எது இன்றைக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது, பெண் பாத்திரம் ஏன் இப்படிப் பேசுகிறது, சாதியை இழிவாகச் சொல்லும் வரியை ஏன் இன்னும் பாடுகிறோம் என்று ஆடுகிறவர்களும் அண்ணாவியாரும் சேர்ந்து கதைத்துக் கதைத்து மாற்றினார்கள். ஆடும் இடம் களரியாகவே இருந்தது.

வாடிக்காற்றுக்கு என் கேள்வி: எத்தனை மணித்தியாலம் என்று ஊர்ச் சபை கதைத்தது சரி. யார் ஆடுவது என்று கதைத்ததா?

வாடிக்காற்று:

கதைக்கவில்லை அக்கா. அண்ணாவியார் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன், பாதரும் ஆதரவாக இருப்பார். தயக்கம் வீடுகளில்தான் வரும். கூத்துப் பழக்கம் இரவில் நடக்கும், அதுதான் முதலில் கேட்பார்கள்.

வாவிமகள்:

அப்படியானால் பழக்க நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு வைத்தால் என்ன? இரவில்தான் பழக வேண்டும் என்று கொப்பியில் எழுதியிருக்காது.

சம்மாட்டி பேரன்:

நான் புத்தளம் மாவட்டம் உடப்பு. எங்கள் ஊரைத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் பலருக்குத் தெரியும். இன்னொன்று வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. கூத்து பற்றிய இழையில் இதை ஏன் கொண்டுவருகிறேன் என்றால், கலை எப்போது நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிற்று முனையும் கரையில் இரண்டு கூட்டத்தின் கையில் இருக்கும், நடுவே நீண்ட தூரம். கயிற்றைப் பூட்டிக்கொண்டு பின்பக்கமாகவே கால் வைத்து நடப்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் இழுவை விழும். பாட்டு இல்லாவிட்டால் ஒருவன் முந்துவான், ஒருவன் பிந்துவான், வலை சரிந்துவிடும். தொடக்கத்தில் கயிறு பாரம், பாட்டும் மெதுவாகப் போகும். இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்க நெருங்கப் பாட்டும் வேகம் பிடிக்கும். மீன் சேரும் வலை மடி கரைக்கு வரும் நேரத்தில் சொற்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் கூச்சலாகிவிடும். சாமிப் பாட்டும் வரும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைக் குத்துகிற வரியும் வரும், கூத்துப் பாட்டின் மெட்டும் நடுவில் எட்டிப் பார்க்கும்.

இன்று பல கரைகளில் டிராக்டரில் விஞ்ச் பூட்டி வலையை இழுக்கிறார்கள். விஞ்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் அம்பாவைத் தடை செய்யவில்லை, யாரும் வெறுக்கவும் இல்லை. பாட்டுக்கு இருந்த வேலை போய்விட்டது. இப்போது பாடசாலை விழாவில் பிள்ளைகள் கயிறு இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு அம்பா பாடுகிறார்கள். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மெட்டாவது பிள்ளைகள் வாயில் இருக்கிறது.

கூத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. பெருநாள் இருக்கிறது, நேர்த்தி இருக்கிறது, ஆட வேண்டும் என்று ஆசைப்படும் வீடுகள் இருக்கின்றன. அந்த வேலையைக் கூத்திடம் இருந்து நீங்களே பறித்துவிடாதீர்கள்.

நெய்தல்:

அம்பா பற்றி எழுதியது அருமை. பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா?

சம்மாட்டி பேரன்:

கொஞ்சம் இருக்கிறது, கைபேசியில். காற்றுச் சத்தம் அதிகம். கரையிலேயே எடுத்ததால் அப்படித்தான் இருக்கும்.

அடையாற்றுக் கரை:

சென்னையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா?

எங்கள் கடற்கரையில் கலைக்குப் பஞ்சமே இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பத்திக் முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்தக் காசில் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். யாருடைய தயவும் இல்லாமல் கலைஞர்கள் நிலம் வாங்கி ஊர் கட்டியது சாதாரண காரியம் இல்லை. திருவான்மியூரில் நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா, முட்டுக்காட்டில் கைவினை அருங்காட்சியகமான தக்ஷிணசித்ரா, மாமல்லபுரத்தில் சிற்பிகளின் உளிச் சத்தம். இவ்வளவும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பங்களில் பிறந்த ஒரு பையன் இவற்றில் எதற்குள்ளாவது உரிமையோடு நுழைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் குறையை நேராகப் பேசிய முயற்சி என்றால் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாதான். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சமூகச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கியது. சபாக்களில் மட்டும் கேட்ட கர்நாடக இசை மீனவர் குடியிருப்பில் ஒலித்தது. அதே மேடையில் பறை, கூத்து, வில்லுப்பாட்டு எல்லாம் வந்தன. நானும் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நல்ல விழா. ஆனால் அங்கேயும் பெரும்பாலும் வெளியிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள், குப்பம் அவர்களை வரவேற்றது.

உங்கள் ஊரில் நிலைமை வேறு. ஆடுபவர், பாடுபவர், உடுப்புத் தைப்பவர், பார்ப்பவர் எல்லாம் ஒரே ஊர். ஒரு கலை விழாவை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொண்ட ஆட்கள் எங்களிடம் நிறைய. ஒரு கதையை இரவு முழுக்கப் பாடத் தெரிந்த ஊர் எங்கள் கரையில் எனக்குத் தெரிந்து இல்லை.

பிற்பாட்டுக்காரர்:

கன்னியாகுமரிப் பக்கக் கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் களியல் ஆடுகிறார்களே தம்பி. கோலோடு பாடி ஆடுவது. அதையும் போய்ப் பாருங்கள்.

அடையாற்றுக் கரை:

உண்மைதான் ஐயா, கட்டாயம் பார்க்கிறேன்.

கடல்கடந்தவன்:

வாடிக்காற்று, ஒரு யோசனை. பெருநாளுக்கு முன் ஒன்பது நாள் நவநாள் நடக்கும்தானே. ஒவ்வொரு நாள் மாலையும் வழிபாடு முடிந்ததும் முக்கால் மணித்தியாலம் கூத்து. ஒன்பது நாளில் முழுக் கூத்தும் முடிந்துவிடும். யாரையும் வெட்டத் தேவையில்லை, யாரும் நித்திரை முழிக்கவும் தேவையில்லை. இங்கே நாங்களும் தினமும் ஒரு பகுதியாகப் பார்ப்போம்.

வாவிமகள்:

இது நல்ல யோசனை. மரபுக்குப் புறம்பும் இல்லை. மட்டக்களப்பில் சட்டம் கொடுத்து (பாத்திரங்களைப் பங்கிட்டு), சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து), அரங்கேற்றம் முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய்ப் பகுதி பகுதியாக ஆடும் வழக்கம் இருக்கிறது. கூத்தை ஒரே மூச்சில்தான் ஆட வேண்டும் என்று எல்லா இடத்திலும் இருந்ததில்லை.

பிற்பாட்டுக்காரர்:

எங்கள் பக்கத்தில் காப்பு பாடினால் அன்றைக்கே மங்களம் பாட வேண்டும். காப்பைப் பாடிவிட்டு ஒன்பது நாள் திறந்து வைக்க எந்த அண்ணாவியாரும் சம்மதிக்க மாட்டார். ஒப்பனையும் உடுப்பும் ஒன்பது முறை என்றால் செலவும் தாங்காது. அதைவிடத் தொழிலுக்குப் போகிறவர்களை ஒன்பது மாலை பிடித்து வைக்க முடியாது. ஓர் இரவு கடலுக்குப் போகாமல் இருப்பார்கள், ஒன்பது இரவு இருக்க மாட்டார்கள்.

என்னிடம் வேறு வழி இருக்கிறது. கூத்து ஏன் விடியும் வரை போகிறது? ஆடுகிறவர் ஒரு தருவை, அதாவது ஒரு கூத்துப் பாட்டைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர் நாங்கள் அதை முழுதாக வாங்கித் திருப்பிப் பாடுவோம். அவர் கடைசி அடியை மறுபடி எடுப்பார், நாங்கள் மறுபடி வாங்குவோம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இது தேவை. ஒரு பக்கம் பார்த்துப் பாடினால் மறுபக்கம் இருப்பவருக்குக் கேட்காது, காற்று வேறு கொண்டுபோய்விடும். நாங்கள் திருப்பிப் பாடினால்தான் சொல் எல்லாக் காதுக்கும் போகும். ஆடுகிறவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

இப்போது மைக் இருக்கிறது. எல்லாத் தருவையும் முழுதாகத் திருப்ப வேண்டியதில்லை. வரவுப் பாட்டுகளுக்கு முழுப் பிற்பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளை இழந்த புலம்பலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே திருப்பிப் பாடும்போதுதான் சனம் அழும். மற்ற இடங்களில் கடைசி அடியை மட்டும் வாங்கினால் போதும். தர்க்கப் பாட்டுகளில் அதுவும் வேண்டாம், ஒருவர் முடிக்க மற்றவர் எடுக்கட்டும். எந்தப் பாத்திரமும் போகாது, எந்தக் காட்சியும் போகாது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் நடுச்சாமத்துக்கு மங்களம் பாடிவிடலாம்.

இதில் குறைவது எங்கள் பாட்டுத்தான். பரவாயில்லை, ஆட்கள் நிற்க வேண்டும்.

நெய்தல்:

இது வித்தியானந்தன் வழியும் இல்லை, பழைய வழியும் இல்லை. அண்ணாவியார் ஒருவர் உட்கார்ந்து தருவுக்குத் தரு முடிவு செய்தால் மட்டும் நடக்கும். கொப்பியை யாராவது ஸ்கேன் செய்து வையுங்கள். 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தில் 2005இலிருந்து இப்படி எவ்வளவோ சேர்த்து வைத்திருக்கிறார்கள், அவர்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். எந்த இடத்தில் முழுப் பிற்பாட்டு, எந்த இடத்தில் பாதி என்பதையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு ஸ்கேன் செய்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

சம்மாட்டி பேரன்:

கொப்பி மட்டும் போதாது, மெட்டு கொப்பியில் இல்லை. அண்ணாவியாரை உட்கார வைத்து ஒவ்வொரு தருவின் முதல் இரண்டு அடியையாவது பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். ஆரவாரம் இல்லாத அறையில்.

வாடிக்காற்று:

பிற்பாட்டு ஐயா, நேற்றிரவு நீங்கள் எழுதியதை அண்ணாவியாருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொப்பியை எடுத்து விரல் வைத்து ஒவ்வொரு தருவாகப் பார்த்தார். "வேட்டைத் தரு முழுதாக வேண்டும், மந்திரி தர்க்கத்தை ஓட்டலாம்" என்று தொடங்கிவிட்டார். சபை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. பழக்கத்தை ஞாயிறு பகலிலும் நிலாக் காலத்து இரவுகளிலும் வைக்க யோசிக்கிறோம், வலைக்குப் போகிறவர்கள் அப்போது கரையில் இருப்பார்கள்.

வாவிமகள் அக்கா, எஸ்தாக்கியார் மனைவிக்கு எங்கள் பாடகர் குழுவில் இருந்து இரண்டு பெண்களைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் சம்மதம். மற்றவரின் அம்மாவோடு இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். ஒலி அமைப்பவர் மேலே இருந்து நான்கு மைக் தொங்கவிடலாம் என்கிறார். சரிதானே?

பிற்பாட்டுக்காரர்:

வேண்டாம். தொங்கு மைக்கைக் கண்டால் எல்லாரும் அதன் கீழே வந்து அசையாமல் நின்று பாடுவார்கள், ஆட்டம் செத்துவிடும். பிற்பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் தனி மைக் வையுங்கள். ஆடுகிறவர்களுக்குச் சட்டையில் குத்துகிற மைக் எத்தனை கிடைக்கிறது என்று கேளுங்கள். ஆறு கிடைத்தால் போதும். ஒருவர் உள்ளே போகும்போது கழற்றி அடுத்தவருக்குக் குத்திவிட, திரைக்குப் பின்னால் பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள். அந்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், மகள் ஆடும்போது அவரே பின்னால் நிற்கட்டும்.